சுவருக்கு மேலே தெரியும் வானம்

‘துடுப்பு ஓய்ந்த தோட்டம்’ என்று பெயர் கொண்ட அந்தப் பழைய தோட்டத்துக்குள் லூ மெய்ஃபாங் காலை வைத்தால் குளத்து மீன்கள் அத்தனையும் எழுந்து நின்று வரவேற்கும். எழுந்து நிற்கும் என்பது கொஞ்சம் கூடுதல்தான். மீனுக்கு ஏது கால்? வாயைத் திறந்துகொண்டு கரைப்பக்கம் கூடும், அவ்வளவுதான். அதுவும் மரியாதையால் அல்ல, அவள் கையில் இருக்கும் நண்டு வாசனையால். விடியும் முன்பே சந்தையில் உட்கார்ந்து ஏரி நண்டுகளைக் கொடுக்கு மடக்கி வைக்கோல் கயிற்றால் கட்டிப் போடுவது அவள் தொழில். எந்தச் சோப்புப் போட்டாலும் போகாத வாசனை அது.

சந்தைக் கூட்டம் ஓய்ந்ததும் ரப்பர் செருப்பை ஓரமாக வைத்துவிட்டு, கறுப்புத் துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, வெந்நீர்ப் பிளாஸ்க்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். மழையானாலும் வருவாள், பனியானாலும் வருவாள். ஊர்க்காரர்களுக்குக் கொடுக்கும் வருட அட்டை இருக்கிறது. இப்போது அட்டையும் வேண்டாம், முகத்தைக் காட்டினால் கதவு தானே திறக்கும் என்று வாசலில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அது வெளியூர்க்காரர்களுக்கெல்லாம் திறக்கிறது. மெய்ஃபாங்குக்கு மட்டும் திறப்பதில்லை. அதன் முன்னால் நின்றதும் அவளுக்குக் கோபம் வந்து முகம் மாறிவிடும். அட்டையில் இருப்பதோ சிரித்த முகம். "கொஞ்சம் சிரிங்கக்கா, அதுக்கும் மனசு இருக்காதா" என்று காவல்காரர் கையால் கதவைத் திறந்துவிடுவார். "இருபது வருசமா வர்றேன். இது நேத்து வந்தது. அது சிரிக்கட்டும் மொதல்ல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவாள்.

உள்ளே அவளுக்கு ஒரே வழிதான். வட்டமான நிலா வாசலில் நுழைந்து, மூங்கில் ஓரமாகத் திரும்பி, துளைத் துளையான ஏரிக்கல்லில் கட்டிய குன்றின் குகைக்குள் குனிந்து, மறுபக்கம் ஏறி, கூரை போட்ட நடையில் வளைந்து வளைந்து இறங்கி, நெளிந்த கல்பாலத்தைக் கடந்தால் குளத்தை ஒட்டிய நீர் மண்டபம். அங்கே சாய்மானம் வைத்த நீளப் பெஞ்சின் மூலையில் அவள் இடம். வாடகைக்குப் பழங்கால உடை உடுத்தி, தலையில் பூவை அடுக்கிக்கொண்டு படம் எடுக்க வரும் பெண்பிள்ளைகள் சில சமயம் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். மெய்ஃபாங் ஒன்றும் சொல்லமாட்டாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டிச் சோம்பல் முறிப்பாள். வாசனை பட்டதும் அவர்களாகவே எழுந்துவிடுவார்கள்.

மண்டபத்தில் அவளுக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் ச்சியான் வாத்தியார். பள்ளிக்கூடத்தை விட்டு எத்தனையோ வருடம் ஆகியும், தூணில் எழுதியிருக்கும் ஈரடிகளைத் தினமும் சத்தமாக வாசித்துப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பவர். மற்றவள் ஹுவா அக்கா. பட்டு ஆலையில் நூல் சுற்றிய காலத்திலிருந்தே மெய்ஃபாங்கை அறிந்தவள். பேச்சு குறைவு; ஆனால் பேசினால் எதிராளி பிறகு கொஞ்ச நேரம் பேசமாட்டார். மூவரும் அவரவர் தேயிலையில் பிளாஸ்க் வெந்நீரை ஊற்றிக் குடிப்பார்கள். நிலாத் திருவிழா வரும் எட்டாம் மாதம் பிறந்தால், கறி வைத்த நிலா அப்பத்தைச் சுடச்சுட வாங்கி வந்து, பூத்துச் சொரியும் ஒஸ்மாந்தஸ் மரத்தடி வாசனையோடு சேர்த்துத் தின்பார்கள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு. மெய்ஃபாங்குக்கு அங்கே உண்மையான உத்தியோகம் ஒன்று உண்டு. யாரும் கொடுக்காத உத்தியோகம்.

இந்தத் தோட்டத்தின் பாதி அழகு தோட்டத்துக்குள் இல்லை. கட்டியவர் குளத்துக்கு அப்பால் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்தார். நீர் மண்டபத்தில் நின்று பார்த்தால், வெள்ளைச் சுவருக்கு மேலே, ஊருக்குள் எங்கோ நிற்கும் பழைய அடுக்குக் கோபுரம் தோட்டத்துக்குள்ளேயே நிற்பதுபோலத் தெரியும். கடன் வாங்கிய காட்சி என்பார் ச்சியான் வாத்தியார், கண்ணை மூடிக்கொண்டு. மெய்ஃபாங்கின் விளக்கம் வேறு: "பக்கத்து வீட்டு ரேடியோவ நம்ம வீட்டுல இருந்து கேக்கற மாதிரி வாத்தியாரே. செலவும் இல்ல, கரண்டும் இல்ல."

அந்தக் கோபுரத்தைத் தவிர வேறெதுவும் சுவருக்கு மேலே தலைகாட்டக் கூடாது என்பது நகரத்தின் விதி. விதியை எழுதியது அதிகாரிகள்; காவல் காப்பது மெய்ஃபாங். ஒரு விடுதியின் கூரையில் சிவப்பு விளக்கு எரிந்தது; அவள் புகார் சொல்லி அணைக்க வைத்தாள். கைப்பேசிக் கம்பம் ஒன்று முளைத்தது. அதற்குச் சாம்பல் வர்ணம் அடிக்க வைத்தாள். கடைவீதிக்காரர்கள் நிலாத் திருவிழாவுக்கு முயல் வடிவத்தில் காற்றடைத்து ஒரு பூதத்தைப் பறக்கவிட்டார்கள்; அதன் காது மட்டும் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தது. அன்றைக்கு மதியத்துக்குள் முயல் தரைக்கு வந்துவிட்டது. புகார் எண்ணில் பேசும் பெண்களுக்கு அவள் குரல் பழக்கமாகி, அவள் வாயைத் திறக்கும் முன்பே, "சொல்லுங்க அத்தை, இன்னிக்கு என்ன எட்டிப் பாக்குது?" என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

அப்படித்தான் கோடை முடியும் நாளில் ஒரு காலை, கோபுரத்துக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு கை நீண்டது. நுனியில் சிவப்புக் கொடி. எங்கோ கட்டடம் எழுப்பும் பளுதூக்கி இயந்திரத்தின் கை. தோட்டத்து வானத்தில் அது எழுதுகோல் கோடு போட்டதுபோல நின்றது. மெய்ஃபாங் தேநீரைக்கூடக் குடிக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே புகார் எண்ணை அழுத்தினாள். ரயில் நிலையத்துப் பக்கம் எவனோ பெரிய விடுதி கட்டுகிறான், தோட்டத்தின் கண்ணைக் குத்துகிறான், மேல் மாடிகளை வெட்டாமல் விடாதீர்கள் என்று ஆவேசமாகச் சொன்னாள். ஹுவா அக்கா பூசணி விதையைக் கொறித்துக்கொண்டு அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெய்ஃபாங்கின் வீடு கால்வாய் ஓரச் சந்தில் இரண்டே அறை. மகன் வெய்யும் மருமகள் யுன்னும் ஓர் அறையில். அடுப்புக்குப் பக்கத்தில் திரை கட்டி அதற்குப் பின்னால் மெய்ஃபாங். ஒருவர் திரும்பிப் படுத்தால் மற்றவர்களும் திரும்ப வேண்டும். யுன்னுக்கு இப்போது ஆறு மாதம். குளிர்காலத்தில் தொட்டிலை எங்கே போடுவது என்று மூவரும் மாறி மாறித் தரையை அளந்து பார்த்தாகிவிட்டது. அடுப்பின் மேல்தான் இடம் இருந்தது. எப்படியாவது ஒரு குளிர்காலத்தைக் கூட்டுக்குள் ஒடுங்கிக் கழித்துவிட்டால், பழைய பட்டு ஆலை இருந்த மனையில் எழும் புதுக் கட்டடத்தில் சொந்த வீடு. வெய் சேர்த்ததெல்லாம் முன்பணமாகப் போய்விட்டது. மற்ற மாடிகளையெல்லாம் ஆட்கள் பிடித்துவிட, இவர்களுக்குக் கிடைத்தது உச்சி மாடி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெய் அம்மாவை அழைத்துப்போய் மனையைக் காட்டினான். "அதோ அந்த ஒசரத்துலதாம்மா நம்ம வீடு" என்று வெறும் ஆகாயத்தைக் காட்டினான். மெய்ஃபாங் அண்ணாந்து பார்த்தாள். ஆகாயத்தில் மஞ்சளாக ஒரு கை. நுனியில் சிவப்புக் கொடி. திரும்பிப் பார்த்தாள், முதுகுப் பக்கம் பழைய கோபுரம். கால்வாய்க்கு அப்பால் வெள்ளைச் சுவரும், சுவருக்கு மேல் தனக்குத் தெரிந்த கற்பூர மரத்தின் தலையும். "என்னம்மா, கண்ணு கூசுதா?" என்றான் வெய். கூசுகிறது என்று சொல்லிவைத்தாள்.

சொந்த வீட்டின் மேலேயே புகார் கொடுக்கும் இந்தத் தவறை வெளியூர்க்காரர் யாரும் செய்யமாட்டார்கள். அவர்கள் கையில் வரைபடம் இருக்கும். உள்ளூர்க்காரர்களுக்குத்தான் இது வாய்க்கும். ஒரு துண்டு நிலத்தை ஒரு மலைநாடுபோல நினைக்க வைக்க வேண்டும் என்று, நுழைகிறவரின் திசையைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும்படிதான் இந்தத் தோட்டங்களைக் கட்டியிருக்கிறார்கள். குகையில் ஒரு திருப்பம், நடையில் இரண்டு வளைவு, பாலத்தில் நெளிசல். மண்டபத்துக்கு வருவதற்குள் தெற்கு எது, வடக்கு எது என்று யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள யாரும் விரும்புவதும் இல்லை. இருபது வருடமாக ஒரே வாசலில் நுழைந்து அதே வாசலில் வெளியேறிய மெய்ஃபாங்கின் கணக்கில் பட்டு ஆலை மனை அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உண்மையில் அது நேரே மூக்குக்கு முன்னால் இருந்தது. மறுநாள் வாத்தியாரிடம் எதற்கோ கேட்பதுபோலத் திசை கேட்டாள். அவர் தேநீரைத் தொட்டுக் கல்மேசையில் வரைந்து காட்டினார். ஈரம் காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே போய் மூங்கில் மறைவில் நின்று புகார் எண்ணைக் கூப்பிட்டாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், எனக்குக் கண் சரியில்லை, கொக்கு பறந்ததைப் பார்த்துச் சொல்லிவிட்டேன் என்றாள். எதிர்ப்பக்கத்துப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "அத்தை, உங்க புகார ஏத்துக்கிட்டாங்க. கட்டடம் எவ்ளோ ஒசரம் வருமோ அவ்ளோ ஒசரத்துல பலூன் விட்டுப் பாக்கப் போறாங்க. தோட்டத்துல இருந்து தெரிஞ்சா மேல் மாடிய வெட்டிடுவாங்க. ஜெயிச்சிட்டீங்க" என்றாள்.

ஜெயித்த நாளிலிருந்து மெய்ஃபாங்குக்குச் சோறு இறங்கவில்லை. கட்டிய நண்டுகள் அவிழ்ந்துகொண்டன. ஒரு நண்டு வாடிக்கையாளர் ஒருவரின் பையிலிருந்து இறங்கிப் பேருந்தில் பயணம் செய்ததாகப் பேச்சு. வீட்டில் யுன் புது வீட்டுக்குத் திரைச்சீலைத் துணிகளை விரித்துப்போட்டு, மாமியாருக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டாள். மெய்ஃபாங் எல்லா நிறத்துக்கும் தலையாட்டினாள். உச்சி மாடி போனால் வேறு வீடு கிடைக்குமா, முன்பணம் எப்போது திரும்பும், கைக்குழந்தை அடுப்படியிலேயே நடை பழகுமா என்று கேட்க அவளுக்கு ஆள் இல்லை. ஹுவா அக்காவிடம் மட்டும் சொன்னாள். ஹுவா அக்கா நிலா அப்பத்தில் கறி அதிகம் இருந்த பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

பலூன் நாளன்று வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. மேகம் வரவேண்டும் என்று மெய்ஃபாங் வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டிக்கொண்ட நாள் அது. பெங் என்ற இளம் அதிகாரி வாக்கி-டாக்கியோடு வந்திருந்தாள். பளுதூக்கியின் கையைக் கற்பூர மரத்துக்குப் பின்னால் மறையும்படி திருப்பி வைத்துவிட்டார்கள்; சிவப்புப் பலூனைக் கயிற்றில் கட்டி ஏற்றுவார்கள்; தினமும் வருகிறவர்களும் சேர்ந்து பார்த்துச் சொல்லலாம் என்றாள். தினமும் வருகிறவர்கள் என்றால் சும்மாவா. விசேஷ வீட்டுக்கு வருவதுபோலத் தலைவாரிக்கொண்டு எல்லோரும் வந்திருந்தார்கள். மீன் பார்க்க வரும் தாத்தாக்கள், மூச்சுப் பயிற்சிக் கூட்டம், பறவைக் கூண்டோடு ஒருவர். மண்டபத்தில் நிற்க இடமில்லை.

பெங் வாக்கி-டாக்கியில் சொன்னாள். கால்வாய்க்கு அப்பால் பலூன் ஏறிவிட்டதாகப் பதில் வந்தது. எல்லோரும் சுவருக்கு மேலே பார்த்தார்கள். மெய்ஃபாங் மட்டும் மூலையில், தூணுக்குப் பக்கத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள்.

ஒன்றும் தெரியவில்லை என்றார் கூண்டுக்காரர். தாத்தாக்களும் அதையே சொன்னார்கள். வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கோபுரம் தெரிகிறது, அதன் பக்கத்தில் ஆகாயம் தெரிகிறது, வேறு எதுவும் இல்லை என்று அறிவித்தார். பெங் பாலத்துக்குப் போய் நின்று பார்த்தாள், குன்றின் மேல் ஏறிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை என்று கையசைத்தாள்.

மெய்ஃபாங்குக்கு மூச்சு வந்தது. அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் இருபது வருடத்துப் பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? எல்லோரும் இல்லை என்று சொன்ன ஒன்றைத் தானே ஒருமுறை பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. கண்ணைத் திறந்தாள். முன்னால் கூட்டம் மறைத்தது. நகர்ந்தாள், எக்கினாள், கழுத்தை நீட்டினாள். கோபுரத்தின் பக்கத்தில், சுவரின் ஓட்டு வரிசைக்குமேல், நகக்கண் அளவுக்குச் சிவப்பு.

யாரும் பார்க்கவில்லை. பெங் பாலத்தில் நின்றுகொண்டு, சரி, இறக்கச் சொல்கிறேன் என்று வாக்கி-டாக்கியை வாய்க்குக் கொண்டுபோனாள். ஹுவா அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து திரும்பி மெய்ஃபாங்கின் முகத்தைப் பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை அசைத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். மருமகள் பிரித்து வைத்த நீலத் துணி, தொட்டில் போட ஒரு ஜன்னலோரம், உச்சி மாடி எல்லாமே ஒரு நிமிட மௌனத்துக்குக் கிடைக்கும்.

"தெரியுது" என்றாள் மெய்ஃபாங்.

பெங் நிமிர்ந்து பார்த்தாள். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே மெய்ஃபாங்கின் தலை மட்டும் தனியாகத் தெரிந்தது. "எங்க அத்தை?" என்றாள்.

"இங்க இருந்து தெரியுது, கண்ணு. கொஞ்சமாத்தான். ஆனா தெரியுது." ஹுவா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

பலூனை அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு பெங் பாலத்திலிருந்து ஓடிவந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. விலகியதும் முதலில் ச்சியான் வாத்தியாரின் கண்ணில் பட்டது தரை. தரையில் கறுப்புத் துணிச் செருப்பு இரண்டும் ஒழுங்காக, பக்கம் பக்கமாக, ஆளில்லாமல் இருந்தன. அவர் பார்வை மெல்ல மேலே ஏறியது. சாய்மானப் பெஞ்சின் மேல் காலுறையோடு, அதுவும் கட்டை விரல் நுனியில், ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள் மெய்ஃபாங். எப்போது ஏறினாள் என்பது அவளுக்கே தெரியாது. பழைய பலகை அழுக்காகக் கூடாது என்று செருப்பைக் கழற்றியதும் நினைவில்லை.

"ஏம்மா மெய்ஃபாங்" என்றார் வாத்தியார், "இந்தத் தோட்டத்தக் கட்டின மனுஷன் பெஞ்சு மேல ஏறி நின்னா பாத்தான்?"

முதலில் சிரித்தது கூண்டுக்காரர். பிறகு யார் யார் சிரித்தார்கள் என்று சொல்ல முடியாது. பெங்கும் வாக்கி-டாக்கியைப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தரையில் நின்று, சாதாரணமாக ஒரு மனிதர் பார்க்கிற உயரத்திலிருந்து பார்ப்பதுதான் கணக்கு என்றாள். பளுதூக்கி எப்போதுமே கட்டடத்தை விட உயரமாகத்தான் நிற்கும், வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுவார்கள், அதைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள் என்று விளக்கினாள். "கீழ எறங்கி, செருப்பப் போட்டுக்கிட்டு, இன்னொரு தடவ பாருங்க அத்தை. நீங்க சொன்னாத்தான் நான் முடிப்பேன்."

இந்த முறை இறங்குவதற்குத்தான் மெய்ஃபாங்குக்குப் பயமாக இருந்தது. ஹுவா அக்கா கை கொடுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, செருப்பைத் துழாவி மாட்டிக்கொண்டு, பெங் காட்டிய இடத்தில் போய் நின்றாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

வெள்ளைச் சுவர். ஓட்டு வரிசை. மரங்களுக்கு நடுவே கோபுரம். கோபுரத்தைச் சுற்றி, என்றைக்கும் இருக்கும் வெறும் வானம். இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், வலப்பக்கம் நகர்ந்து பார்த்தாள், அவளோடு ஹுவா அக்காவும் இழுபட்டு நகர்ந்தாள். சிவப்பு எங்கேயும் இல்லை. உண்மையாகவே இல்லை.

"தெரியல" என்றாள். சொன்ன பிறகு இன்னொரு முறை, சத்தமாக, கால்வாய்க்கு அப்பால் கேட்க வேண்டும் என்பதுபோல, "எதுவும் தெரியல" என்றாள்.

பெங் தகவல் சொன்னாள். பலூனை இறக்கிவிட்டார்கள். கட்டடம் அதன் உயரத்துக்கு எழலாம், தோட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றாகிவிட்டது. கூட்டம் கலைந்தது. கூண்டுப் பறவைகூட அப்போதுதான் குரல் கொடுக்க நினைவு வந்ததுபோலக் கத்தத் தொடங்கியது. மெய்ஃபாங் தன் மூலையில் உட்கார்ந்து, வெய்யைக் கைப்பேசியில் கூப்பிட்டாள். யுன்னிடம் நீலத் துணியையே எடுக்கச் சொல், உச்சி மாடிக்கு வெளிச்சம் அதிகம் வரும், தடிமனாகப் பார்த்து எடுக்கச் சொல் என்றாள். அவன் ஏன் திடீரென்று என்று கேட்டிருக்க வேண்டும். சும்மாத்தான் என்று வைத்துவிட்டாள்.

அந்தப் பேச்சைக் கேட்டிருந்த வாத்தியார் வெந்நீர் ஊற்றிக்கொண்டே, இரண்டு வாரமாக நீ ஏன் பேயறைந்தவள்போல இருந்தாய் என்று இப்போது எனக்குப் புரிகிறது என்றார். மெய்ஃபாங் ஒரு கையால் தேநீர்க் கோப்பையை எடுத்து, நிதானமாக ஊதி, ஒரு வாய் குடித்தாள்.

"யாரு, நானா? எனக்கென்ன பயம் வாத்தியாரே? பளுதூக்கி வேற, கட்டடம் வேறன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். பலூன் மேல வராதுன்னு எனக்கு அப்பவே தெரியும். சும்மா உங்களுக்கெல்லாம் ஒரு வேடிக்கை காட்டலாம்னுதான் ஏறி நின்னேன். கொஞ்சம்கூடப் பயப்படல."

ஹுவா அக்கா அவ்வளவு நேரமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தேநீர் தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

"பயப்படலன்னா சந்தோஷம்டி" என்றாள் மெதுவாக. "அப்ப என் கைய விடு. வெரலு மரத்துப்போய் எவ்ளோ நேரமாச்சு."

மெய்ஃபாங் குனிந்து தன் மடியைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள்.